அரைஞாண் கயிற்றுக்கு அடியில் இருந்த கருப்புப் பொருக்கு: செள்ளுக்காய்ச்சலுக்கு ஏன் இரண்டு மருந்து?

குலசேகரம்_மகள் | ஞாயிறு, இரவு 9.12

எல்லோருக்கும் வணக்கம். இதுவரை வாசித்துவிட்டு மட்டும் போவேன், இன்றுதான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பாவுக்கு 58 வயது. ரப்பர் பால் வெட்டுகிற வேலை. விடியுமுன்னே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குள் போய்விடுவார். மழை ஓய்ந்து மறுபடி வெட்டுத் தொடங்கி இரண்டு வாரம் இருக்கும், காய்ச்சல் வந்தது. தலையைப் பிளக்கும் வலி, உடம்பெல்லாம் உளைச்சல். முதலில் காட்டிய இடத்தில் (பெயர் வேண்டாம்) ஊசி போட்டார்கள். மூன்றாம் நாள் ரத்தம் பார்த்தபோது பிளேட்லெட் 62 ஆயிரம். டெங்கு என்று சொல்லி ட்ரிப் ஏற்றினார்கள். டெங்கு பரிசோதனை நெகட்டிவ் என்றுதான் வந்தது, "சில பேருக்கு அப்படி வரும்" என்றார்கள். செஃப்ட்ரியாக்சோன் என்ற ஆன்டிபயாட்டிக் ஊசி ஐந்து நாள் போட்டும் காய்ச்சல் இறங்கவே இல்லை.

எட்டாம் நாள் ராத்திரி மூச்சு இழுக்க ஆரம்பித்தது. வேறு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். ஐசியூவில் துணி மாற்றும்போது அங்கிருந்த சிஸ்டர் அரைஞாண் கயிற்றை விலக்கிப் பார்த்திருக்கிறார்கள். கயிற்றுக்கு அடியில் ஒரு பொருக்கு. பீடி நெருப்பு சுட்டது போலக் கருப்பாக, சுற்றிலும் சிவந்து இருந்தது. அப்படி ஒன்று இருந்தது அப்பாவுக்கே தெரியாது. வலியும் இல்லை, அரிப்பும் இல்லை.

ஸ்க்ரப் டைபஸ், அதாவது செள்ளுக்காய்ச்சல் என்றார் டாக்டர். டாக்சிசைக்ளின், அசித்ரோமைசின் இரண்டையும் ஒன்றாக நரம்பில் ஏற்றினார்கள். மறுநாள் வென்டிலேட்டர். அதற்கு அடுத்த நாள் நான் உள்ளே போனபோது அப்பாவைக் குப்புறப் படுக்கப் போட்டிருந்தார்கள். முகம் வீங்கி ஆளே அடையாளம் தெரியவில்லை. வெளியே வந்து வராந்தாவில் உட்கார்ந்துவிட்டேன்.

இப்போது வென்டிலேட்டர் எடுத்து நான்கு நாள் ஆகிறது. வார்டில் இருக்கிறார், கஞ்சி குடிக்கிறார்.

நான் கேட்க வந்தது இதுதான். ஒரே காய்ச்சலுக்கு எதற்கு இரண்டு ஆன்டிபயாட்டிக்? "மருந்தை அதிகமாக ஏற்றிவிட்டார்கள், கிட்னி போகும்" என்று சொந்தக்காரர் ஒருவர் வந்து அம்மாவைப் பயமுறுத்திவிட்டுப் போயிருக்கிறார். அப்புறம், ஏன் குப்புறப் போட்டார்கள்? வீட்டில் மற்றவர்களுக்கும் இது ஒட்டுமா?

ஐசியூ_செவிலி | ஞாயிறு, இரவு 10.05

தங்கச்சி, முதலில் அம்மாவிடம் போய்ச் சொல்லு: இது ஆளுக்கு ஆள் ஒட்டுகிற நோய் இல்லை. காட்டுச் செடியிலும் புல்லிலும் இருக்கிற ஒரு பூச்சியின் குஞ்சு கடித்தால்தான் வரும். கண்ணுக்கே சரியாகத் தெரியாத அளவு சின்னது. கூடவே இருந்து பார்த்துக்கொள்ளலாம், கையைப் பிடித்துக்கொள்ளலாம்.

நான் மார்த்தாண்டம் பக்கம். 14 வருடமாக ஐசியூ வேலை. மருந்தைப் பற்றி இங்கே வேறு ஆட்கள் சொல்வார்கள், குப்புறப் போடுவதை நான் சொல்கிறேன். அதைப் பார்த்துக் கதறாத குடும்பத்தை நான் இதுவரை கண்டதில்லை.

பூச்சி கடிக்கும்போது உள்ளே ஏறுகிற கிருமி ரத்தக்குழாயின் உள்பூச்சு செல்களைப் பிடிக்கும். அது கெட்டால் குழாய் கசியும். நுரையீரலுக்குள் நீர் கட்டும். மல்லாந்து படுத்திருப்பவருக்கு அந்த நீரும், இதயத்தின் பாரமும், வயிற்றின் அழுத்தமும் முதுகுப் பக்கத்து நுரையீரல் மேல்தான் விழும். நுரையீரலில் பெரும்பகுதி இருப்பதே முதுகுப் பக்கம்தான். ஆளைக் கவிழ்த்தால் அமுங்கிக் கிடந்த அந்தப் பகுதி விரியும், ரத்தமும் காற்றும் ஒரே இடத்தில் சந்திக்கும். சில பேருக்கு அரை மணி நேரத்திலேயே ஆக்சிஜன் அளவு ஏறுவதை மானிட்டரில் பார்க்கலாம்.

இது யாரோ தோன்றியபடி செய்வது இல்லை. 2013இல் பிரான்சில் பெரும்பாலும் நடந்த ஒரு ஆய்வு இருக்கிறது, ப்ரோசேவா என்று பெயர். நுரையீரல் மோசமாகச் செயலிழந்த 466 பேரைச் சேர்த்தார்கள். பாதிப் பேரை ஒரே மூச்சில் 16 மணி நேரமாவது குப்புறப் போட்டார்கள், மற்றவர்களை வழக்கம் போல விட்டார்கள். 28 நாளில் மல்லாந்து இருந்தவர்களில் 32.8 சதவீதம் பேர் இறந்தார்கள். கவிழ்த்தவர்களில் 16 சதவீதம். புது மருந்து எதுவும் இல்லை, ஆளைத் திருப்பியது மட்டும்தான்.

ஆனால் திருப்புவது லேசான வேலை இல்லை. நாங்கள் ஐந்து பேர் நிற்போம். தலைமாட்டில் நிற்பவர் கையில்தான் மூச்சுக்குழாய் ட்யூப். அவர் எண்ணுகிற எண்ணுக்குத்தான் மற்ற நாலு பேரும் அசைவார்கள். ட்யூப் விலகினால் அடுத்த நிமிடம் ஆள் இல்லை. கண் உறுத்தாமல் மூடி ஒட்ட வேண்டும், நெஞ்சுக்கும் இடுப்புக்கும் தலையணை, இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் தலையை மறுபக்கம் திருப்ப வேண்டும். முகம் வீங்கத்தான் செய்யும், ஓரிரு நாளில் வடிந்துவிடும். அப்பாவின் முகத்தைப் பார்த்து நீ பயந்தாய். அந்த முகத்துக்குப் பின்னால் ராத்திரி முழுக்க விழித்திருந்த யாரோ ஒரு சிஸ்டர் இருக்கிறாள் என்று நினைத்துக்கொள்.

முட்டம்_கடற்கரை | ஞாயிறு, இரவு 10.40

அக்கா சொன்னதைப் படித்து மனசு கனத்துவிட்டது. அப்பா சீக்கிரம் வீட்டுக்கு வரட்டும்.

ஒரு சந்தேகம். இந்த இரண்டு மருந்தும்தான் வேலை செய்கிறது என்றால், மழைக்காலத்தில் காய்ச்சல் என்று வருகிற எல்லோருக்கும் முதல் நாளே இரண்டையும் கொடுத்துவிட்டால் என்ன? எட்டு நாள் அலைய வேண்டாமே.

மலையோர_மருத்துவர் | திங்கள், காலை 6.50

வேண்டாம் தம்பி. நான் மலையோரம் ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருக்கிறேன், தினமும் காய்ச்சல் பார்க்கிறவன். பெரும்பாலான காய்ச்சல் வைரஸ், அதற்கு இந்த மருந்துகள் ஒன்றும் செய்யாது. சாதாரண ஸ்க்ரப் டைபஸுக்கு டாக்சிசைக்ளின் மாத்திரை ஒன்றே போதும். சரியான நேரத்தில் தொடங்கினால் பெரும்பாலும் 48 மணி நேரத்தில் காய்ச்சல் விழுந்துவிடும். கர்ப்பிணிகளுக்கு அசித்ரோமைசின் கொடுப்போம். அசித்ரோமைசினுக்கு இதயத் துடிப்பின் மின்னோட்டத்தைக் குழப்புகிற குணம் கொஞ்சம் உண்டு. எல்லோருக்கும் கண்ணை மூடிக்கொண்டு கொடுக்கிற மருந்து இல்லை.

இரண்டும் சேர்த்து என்பது நோய் முற்றியவர்களுக்கு. அதாவது மூச்சுத்திணறல், ரத்த அழுத்தம் விழுவது, சிறுநீர் நிற்பது, நினைவு தடுமாறுவது, இவற்றில் ஒன்றாவது வந்தவர்களுக்கு. அதற்கு ஆதாரம் நம் நாட்டிலிருந்தே வந்திருக்கிறது. வேலூர் சிஎம்சியின் டாக்டர் ஜார்ஜ் வர்கீஸ் தலைமையில் இந்தியாவில் ஏழு மருத்துவமனைகள் சேர்ந்து செய்த இன்ட்ரெஸ்ட் ஆய்வு. 2023 மார்ச்சில் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வெளிவந்தது. தீவிர ஸ்க்ரப் டைபஸ் உள்ள 794 பேர். ஒரு பிரிவுக்கு டாக்சிசைக்ளின், ஒரு பிரிவுக்கு அசித்ரோமைசின், மூன்றாவது பிரிவுக்கு இரண்டும். எல்லாம் நரம்பு வழியாக, ஏழு நாள். யாருக்கு எது போகிறது என்பது நோயாளிக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது.

இறப்பு, ஏழாம் நாளும் தொடரும் உறுப்புப் பாதிப்பு, ஐந்தாம் நாளும் விடாத காய்ச்சல், இந்த மூன்றில் எது வந்தாலும் தோல்வி என்று கணக்கு வைத்தார்கள். டாக்சிசைக்ளின் மட்டும் எடுத்தவர்களில் 47 சதவீதம், அசித்ரோமைசின் மட்டும் எடுத்தவர்களில் 48 சதவீதம். இரண்டும் எடுத்தவர்களில் 33 சதவீதம்.

குலசேகரம் மகளே, உங்கள் அப்பாவுக்கு ஏறியது அதிக மருந்து இல்லை, சரியான மருந்து. இதை உங்கள் சொந்தக்காரரிடம் தெளிவாகவே சொல்லுங்கள். அவர் சிறுநீரகத்தைக் காப்பாற்றியதும் அதுவாகத்தான் இருக்கும்.

கொல்லங்கோடு_வாத்தியார் | திங்கள், காலை 8.15

34 வருடம் கணக்குப் பாடம் எடுத்தவன். டாக்டர் சார் கொடுத்த எண்களைப் பார்த்ததும் ஒரு கேள்வி வருகிறது, கோபித்துக்கொள்ள வேண்டாம். இறப்பையும், விடாத காய்ச்சலையும், உறுப்புப் பாதிப்பையும் ஒரே கூடையில் போட்டு எண்ணியிருக்கிறார்கள். கூடைக் கணக்கில் 14 குறைந்தது. அதில் இறப்பு எவ்வளவு குறைந்தது? ஐசியூ வாசலில் நிற்கிறவனுக்கு வேண்டியது அந்த ஒரு எண் அல்லவா?

மலையோர_மருத்துவர் | திங்கள், பகல் 1.30

சார், நியாயமான கேள்வி. இறப்பு மூன்று பிரிவிலும் ஏறத்தாழ ஒன்றாகத்தான் இருந்தது. இரண்டு மருந்து உயிரைக் காப்பாற்றுகிறது என்று இந்த ஆய்வை வைத்து யாரும் சொல்ல முடியாது, நானும் சொல்லவில்லை. வித்தியாசம் பெரும்பாலும் ஏழாம் நாள் உறுப்புப் பாதிப்பில் இருந்துதான் வந்தது.

ஆனால் நீங்களே கணக்குப் போடுங்கள். 100 பேரில் 14 பேர் குறைவு என்றால், ஏழு பேருக்கு இரண்டு மருந்து கொடுத்தால் ஒருவர் அந்தக் கூடையில் விழாமல் தப்புகிறார். இரண்டும் பழைய மருந்து, விலை மலிவு. அந்த ஒருவருக்கு என்ன கிடைக்கிறது? ஏழாம் நாள் வென்டிலேட்டரில் இல்லை, டயாலிசிஸில் இல்லை. தனியார் ஐசியூவில் ஒரு நாள் என்றால் ஒரு பால்வெட்டுக் குடும்பத்துக்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நகையை அடகு வைத்துவிட்டு, அடுத்த நாளைக்கு விளையை (தோட்ட நிலத்தை) விற்கலாமா என்று வாசலில் நின்று பேசுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

கொல்லங்கோடு_வாத்தியார் | திங்கள், மாலை 4.02

ஏழுக்கு ஒன்று. இந்த விலைக்கு அது பெரிய எண்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் "உயிர் காக்கும் புது சிகிச்சை" என்று யாராவது வாட்சப்பில் அனுப்பினால் திருத்துவேன்.

மலையோர_மருத்துவர் | திங்கள், மாலை 4.10

திருத்துங்கள் சார். அவசியம்.

ரிபோசோம்_தம்பி | திங்கள், இரவு 9.25

ஊர் தக்கலை. மூலக்கூறு உயிரியலில் ஆய்வு மாணவன். "ஏன் இரண்டு" என்ற அக்காவின் கேள்விக்கு செல்லுக்குள் போய்ப் பதில் சொல்ல ஆசை.

இந்தக் கிருமியின் பெயர் ஓரியன்ஷியா சுட்சுகாமுஷி. ஜப்பானிய மொழியில் சுட்சுகா என்றால் நோய், முஷி என்றால் பூச்சி. இது நம் செல்லுக்கு வெளியே பெருகவே பெருகாது. ரத்தக்குழாய்ச் செல்லுக்குள் நுழையும். செல்லுக்குள் சரக்கு இழுத்துப் போகிற டைனின் என்ற புரதம் ஒன்று உண்டு, அதைப் பற்றிக்கொண்டு நுண்குழாய்கள் வழியே உட்கருவின் பக்கம் போய்த் தங்கிப் பெருகும். வெளியேறும்போது வைரஸ் செய்வது போல நம் செல்லின் சவ்வையே போர்த்திக்கொண்டு மொட்டு விட்டுப் பிரியும். செல்லுக்குள் இருக்கும் வடிவமும் வெளியே வந்த வடிவமும் வெவ்வேறு தன்மை உள்ளவை என்று 2022இல் ஒரு ஆய்வு காட்டியது. பாக்டீரியாவில் இப்படி ஒன்று இருக்கிறது என்று முதன்முதலாகப் படித்தபோது எனக்கு அன்றைக்குத் தூக்கமே வரவில்லை.

அப்பாவுக்கு ஐந்து நாள் போட்ட செஃப்ட்ரியாக்சோன் ஏன் வேலை செய்யவில்லை? பெனிசிலின், செஃப்ட்ரியாக்சோன் வகையறா எல்லாம் பாக்டீரியாவின் சுவரைக் கட்டவிடாமல் செய்பவை. ஓரியன்ஷியாவுக்குச் சுவர்ப் பொருளே பேருக்குத்தான் இருக்கிறது. இடிக்கச் சுவர் இல்லாத இடத்தில் கடப்பாரைக்கு என்ன வேலை?

ஆனால் எந்தக் கிருமியும் புரதம் செய்யாமல் வாழ முடியாது. புரதம் செய்யும் எந்திரம் ரிபோசோம். பாக்டீரியாவின் ரிபோசோம் இரண்டு துண்டு சேர்ந்தது. சின்னத் துண்டுக்கு 30எஸ் என்றும் பெரிய துண்டுக்கு 50எஸ் என்றும் பெயர். சின்னத் துண்டு செய்தியைப் படிக்கும். பெரிய துண்டு அமினோ அமிலங்களை ஒவ்வொன்றாகக் கோக்கும். கோத்த சரம் பெரிய துண்டில் இருக்கும் ஒரு சுரங்கம் வழியே வெளியே வரும்.

டாக்சிசைக்ளின் சின்னத் துண்டில் போய் உட்கார்ந்து, அடுத்த அமினோ அமிலத்தைச் சுமந்து வரும் ஆர்என்ஏவை உள்ளே விடாது. அசித்ரோமைசின் பெரிய துண்டின் சுரங்க வாயில் அமர்ந்து, வரும் சரத்தை வழிமறிக்கும். ஒரு மருந்து நுழைவாசலில், இன்னொன்று வெளிவாசலில். ஒன்று தவறவிட்ட ரிபோசோமை மற்றது பிடிக்கும். வேலூர்க் குழு இரண்டையும் சேர்த்துப் பார்க்கலாம் என்று நினைத்ததற்கு இதுதான் காரணம்.

இந்த 30எஸ் துண்டின் வடிவத்தை 2000இல் அணு அணுவாக வரைந்து காட்டியவர்களில் முக்கியமானவர் வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன். 1952இல் சிதம்பரத்தில் பிறந்தவர். டாக்சிசைக்ளினின் மூத்த உறவான டெட்ராசைக்ளின் அந்தத் துண்டில் எங்கே உட்காருகிறது என்பதையும் அவர் குழு அதே ஆண்டில் காட்டியது. தாமஸ் ஸ்டைட்ஸ், அடா யோனத் இருவருடன் சேர்ந்து 2009இல் வேதியியல் நோபல் பெற்றார். சிதம்பரத்தில் பிறந்தவர் ஒரு பூட்டின் பாதியைப் படமாக வரைந்தார். இருபத்துச் சொச்சம் வருடம் கழித்து வேலூர்க்காரர்கள் அந்தப் பூட்டுக்கு இரண்டு சாவியைச் சேர்த்துப் போட்டார்கள். குலசேகரத்து அப்பா ஒருவர் இன்று கஞ்சி குடிக்கிறார். இதைத் தட்டச்சும்போது எனக்குக் கண் கலங்குகிறது.

குலசேகரம்_மகள் | திங்கள், இரவு 10.18

தம்பி, இதை அப்படியே அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவருக்கு இன்னும் குரல் சரியாக எழும்பவில்லை. "வாசல்ல ஒருத்தன், கொல்லையில ஒருத்தன்" என்று மெதுவாகச் சொன்னார். புரிந்துவிட்டது அவருக்கு.

தோவாளை_வயல் | செவ்வாய், காலை 7.30

எனக்கு நெல் வயலும் கொஞ்சம் பிச்சியும் உண்டு. எங்கள் பக்கம் பயம் எலிக்காய்ச்சல்தான். மேற்கே உள்ளவர்கள் மலையாள டிவி பார்த்து எலிப்பனி, செள்ளுப்பனி என்கிறார்கள். (பனி என்றால் அங்கே காய்ச்சல். எங்கள் அம்மா ரொம்ப நாள் மார்கழிப் பனியில் வருகிற நோய் என்றே நினைத்திருந்தார்கள்.) இரண்டும் ஒன்றா? சேற்றில் இறங்குகிறவர்கள் முன்கூட்டியே மாத்திரை போடலாமா?

மலையோர_மருத்துவர் | செவ்வாய், பகல் 2.10

இரண்டும் வேறு அண்ணாச்சி. எலிக்காய்ச்சல் லெப்டோஸ்பைரா என்ற சுருள் கிருமியால் வருவது. எலி, மாடு இவற்றின் சிறுநீர் கலந்த தண்ணீரில் கால் புண் வழியாக ஏறும். செள்ளுக்காய்ச்சல் புதரில் பூச்சி கடித்து வருவது. ஆனால் ஆரம்பத்தில் இரண்டும் ஒரே முகம்தான் காட்டும்: காய்ச்சல், தலைவலி, பிளேட்லெட் குறைவு, ஈரல் பரிசோதனையில் ஏற்றம். டெங்குவும் இதே வேஷத்தில் வரும். பிளேட்லெட் குறைந்தாலே டெங்கு என்று முடிவு கட்டுவதுதான் நம் பக்கத்தில் நடக்கிற பெரிய தவறு. இந்த இழையில் நான் சொல்வதில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதாக இருந்தால் அதை வைத்துக்கொள்ளுங்கள்.

மருந்தில் ஒரு வசதி உண்டு. எலிக்காய்ச்சலுக்குப் பெனிசிலின், செஃப்ட்ரியாக்சோன், டாக்சிசைக்ளின் எல்லாம் கேட்கும். செள்ளுக்காய்ச்சலுக்கு முதல் இரண்டும் கேட்காது. அதனால் எதுவென்று தெரியாமல் நோயாளி மோசமாகிக்கொண்டு போனால், செஃப்ட்ரியாக்சோனோடு டாக்சிசைக்ளினையும் சேர்த்துவிட வேண்டும், ரிசல்ட் வரும்வரை உட்கார்ந்திருக்கக் கூடாது.

முன்கூட்டி மாத்திரை: பனாமாவில் பயிற்சி எடுத்த அமெரிக்கப் படைவீரர்களிடம் வாரம் ஒருமுறை 200 மில்லிகிராம் டாக்சிசைக்ளின் கொடுத்துப் பார்த்தார்கள், 1984இல் வெளியானது. மாத்திரை எடுக்காத பிரிவில் 20 பேருக்கு எலிக்காய்ச்சல், எடுத்தவர்களில் ஒருவருக்கு. 2018 வெள்ளத்தின்போது கேரளாவில் தண்ணீரில் இறங்கியவர்களுக்குக் கொடுத்ததும் இதே அளவுதான். அது வெள்ளக் காலத்துக்கு, சில வாரங்களுக்கு. வருடம் முழுவதும் நாற்று நடுகிறவர்கள் தாங்களாக வாங்கிப் போட வேண்டாம். சுகாதார நிலையத்தில் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். காலில் புண் இருந்தால் அன்றைக்குச் சேற்றில் இறங்காதீர்கள், அல்லது பூட்ஸ் போட்டு இறங்குங்கள்.

ரிபோசோம்_தம்பி | செவ்வாய், இரவு 8.45

எலிக்காய்ச்சல் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். பாக்டீரியா உள்ளே வந்தால் அதன் மேல்பூச்சுக் கொழுப்பை நம் செல்லில் இருக்கும் டிஎல்ஆர்4 என்ற காவல் புரதம் மோப்பம் பிடிக்கும். லெப்டோஸ்பைராவின் பூச்சு கொஞ்சம் மாறுபட்டது. எலியின் டிஎல்ஆர்4 அதை அடையாளம் காணும், மனிதனுடையது காணாது. எலி இந்தக் கிருமியைச் சுமந்துகொண்டே சௌக்கியமாகத் திரிவதற்கும் நாம் படுத்துவிடுவதற்கும் இது ஒரு காரணம்.

இன்னொன்று, இதைப் படித்துத்தான் நான் இந்தத் துறைக்கே வந்தேன். அமெரிக்காவில் நோய் எதிர்ப்புக் குறைபாடு உள்ள 14 வயதுப் பையன். நான்கு மாதத்தில் மூன்று முறை ஆஸ்பத்திரி. காய்ச்சல், தலைவலி, கடைசியில் மூளையில் நீர் கோத்து, நிற்காத வலிப்பு. மூளையில் துண்டு எடுத்துப் பார்த்தும் ஒன்றும் தெரியவில்லை. அப்போது கலிஃபோர்னியாவில் சார்லஸ் சியூ குழு அவனுடைய தண்டுவட நீரில் இருந்த டிஎன்ஏ அத்தனையையும் மொத்தமாகப் படித்தது. முப்பது லட்சத்துக்கு மேல் துண்டுகள். அவற்றில் 475 துண்டுகள் லெப்டோஸ்பைராவுடையவை. இரண்டு நாளுக்குள் விடை. பெனிசிலின் போட்டார்கள், பையன் தேறி வீட்டுக்குப் போனான். 2014இல் வெளிவந்தது. அப்பாவுக்கும் இப்படி ஒன்று செய்திருந்தால் எட்டு நாள் வீணாகியிருக்காதே என்று தோன்றுகிறது.

ஐசியூ_செவிலி | செவ்வாய், இரவு 9.30

தம்பி, உன் ஆர்வம் எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் இதில் நான் ஒத்துப்போக மாட்டேன். அந்தப் பையனுக்கு யாராலும் கண்டுபிடிக்க முடியாத நோய். இந்த அப்பாவுக்கு இடுப்பில் எழுதியே வைத்திருந்தது. அதைப் பார்க்க மிஷின் வேண்டாம், கயிற்றை விலக்க ஒரு விரல் போதும்.

காய்ச்சல்காரரைச் சட்டையைக் கழற்றச் சொல்ல ஆட்களுக்குக் கூச்சம். பெண்கள் என்றால் இன்னும் கஷ்டம். அக்குள், மார்புக்கு அடியில், தொடை இடுக்கு, காதுக்குப் பின்னால், இடுப்புப் பட்டை இறுகும் இடம், இங்கேயெல்லாம்தான் அந்தப் பொருக்கு ஒளிந்திருக்கும். ஈரம் உள்ள மடிப்பில் கருப்புப் பொருக்கு இல்லாமல் வெறும் சின்னப் புண்ணாகவும் இருக்கலாம். டாக்டருக்குக் காட்டக் கூச்சமாக இருந்தால் பெண் செவிலியைக் கேளுங்கள், அல்லது வீட்டில் குளிக்க ஊற்றுகிறபோது நீங்களே பாருங்கள்.

மலையோர_மருத்துவர் | செவ்வாய், இரவு 9.52

செவிலி சொன்னதுதான் என் கட்சியும். ஒன்று சேர்க்கிறேன்: பொருக்கு எல்லோருக்கும் இருக்காது. இல்லை என்பதாலேயே செள்ளுக்காய்ச்சல் இல்லை என்று ஆகாது. கிருமிக்கு எதிராக உடம்பு செய்யும் எதிர்ப்புப் புரதத்தை ரத்தத்தில் தேடுகிற ஐஜிஎம் பரிசோதனை பாசிட்டிவ் ஆக ஒரு வாரம் வாக்கில் பிடிக்கும். முதல் நாட்களில் நெகட்டிவ் என்றால் நம்பி விட்டுவிடக் கூடாது. பொருக்கு இருந்தால் அதைக் கொஞ்சம் சுரண்டி, கிருமியின் மரபணுவைத் தேடும் பிசிஆர் பரிசோதனை செய்தால் கிருமி நன்றாகப் பிடிபடும். தம்பியின் துறை நமக்கு உடனே உதவுவது அங்கேதான்.

மகளே, முதலில் பார்த்த இடத்தின் மேல் உங்களுக்குக் கோபம் இருக்கும். முதல் மூன்று நாள் தெரியாமல் போனதை நான் குறை சொல்ல மாட்டேன், எனக்கும் தவறியிருக்கலாம். ஆனால் செஃப்ட்ரியாக்சோன் போட்டு இரண்டு நாள் காய்ச்சல் அசையவில்லை, டெங்குவும் நெகட்டிவ், ஆள் ரப்பர் தோட்டத்தில் வேலை. அந்த இடத்தில் நின்று யோசித்திருக்க வேண்டும்.

முட்டம்_கடற்கரை | புதன், காலை 6.20

இது இவ்வளவு பரவலா? நாங்கள் கேள்விப்பட்டதே இல்லையே.

மலையோர_மருத்துவர் | புதன், பகல் 1.45

2025இல் வந்த ஒரு ஆய்வைச் சொல்கிறேன். வட தமிழகத்தில் 37 கிராமங்கள், 32,279 பேர். இரண்டு வருடம், ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை வீட்டுக்கே போய்க் காய்ச்சல் வந்ததா என்று கேட்டார்கள். கிராமத்து மக்களில் ஆண்டுக்கு 10 சதவீதம் பேர் வரை இந்தக் கிருமி தொற்றுகிறது என்று தெரியவந்தது. பெரும்பாலானவர்களுக்கு நோயே தெரியாமல் போய்விடும். சிலருக்குத்தான் இப்படி முற்றும். அது வடக்கு மாவட்டங்களின் கணக்கு. நமக்கு ரப்பருக்கு அடியில் படரும் பயற்றங்கொடியும், கைதைச் செடியும், எலியும், இரண்டு பருவமழையும் இருக்கின்றன. நம் குமரி மாவட்டத்திலும் இதே போல வீடு வீடாகப் போய் எண்ண வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

கொல்லங்கோடு_வாத்தியார் | புதன், மாலை 5.15

தடுப்பூசி?

ரிபோசோம்_தம்பி | புதன், இரவு 8.20

இல்லை சார். இந்தக் கிருமியின் மேல்புறத்தில் இருக்கும் முக்கியப் புரதம் வகைக்கு வகை மாறுகிறது. ஒரு வகைக்குக் கிடைத்த எதிர்ப்பு மற்ற வகையிடம் நிற்பதில்லை. ஒரே ஆளுக்கு மறுபடியும் வரலாம். மரபணுத் தொகுப்பே விசித்திரமானது. ஏறத்தாழப் பாதி, திரும்பத் திரும்ப வரும் ஒரே மாதிரித் துண்டுகள். படித்துக் கோப்பதற்கே பல வருடம் திணறினார்கள்.

கொல்லங்கோடு_வாத்தியார் | புதன், இரவு 8.55

இன்னும் ஒன்று கேட்டுவிடுகிறேன். கொரோனாவில் ஸ்டீராய்டு உயிர் காத்தது என்று படித்தோம். இங்கேயும் நுரையீரல்தானே கெடுகிறது, கொடுக்கக் கூடாதா?

மலையோர_மருத்துவர் | புதன், இரவு 10.30

கொரோனாவில் 2020 ரெக்கவரி ஆய்வின்படி, வென்டிலேட்டரில் இருந்தவர்களிடம் டெக்சாமெதசோன் என்ற ஸ்டீராய்டு இறப்பை 41.4 சதவீதத்திலிருந்து 29.3 சதவீதத்துக்கு இறக்கியது. ஆனால் அது கொரோனாவுக்கு. கிருமி உடம்பெல்லாம் பரவி உறுப்புகள் கெடுகிற நிலையை செப்சிஸ் என்கிறோம். ஆக்ஸ்ஃபோர்டில் 2016இல் செப்சிஸ் நோயாளிகளின் வெள்ளணுக்களில் எந்தெந்த மரபணு ஓடுகிறது என்று பார்த்து இரண்டு வகையாகப் பிரித்தார்கள். ஒரு வகையில் எதிர்ப்புச் சக்தி அடங்கிக் கிடக்கிறது, மற்றதில் விழித்திருக்கிறது. 2019இல் வேறொரு ஆய்வை அந்தக் கண்ணோடு திரும்பப் பார்த்தபோது, விழித்திருந்த வகையினருக்கு ஸ்டீராய்டு கொடுத்ததில் இறப்பு கூடியிருந்தது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு கட்டிலிலும் ஒரே மாதிரிதான் படுத்திருப்பார்கள். அதனால் செள்ளுக்காய்ச்சலில் வெறும் ஊகத்தில் ஸ்டீராய்டு வேண்டாம் என்பது என் கருத்து.

குலசேகரம்_மகள் | வெள்ளி, மாலை 6.40

அப்பாவை நேற்று வீட்டுக்குக் கூட்டி வந்தோம். கிட்னி பரிசோதனை சரியாக இருக்கிறது. சொந்தக்காரரிடம் அம்மாவே சொல்லிவிட்டார்கள்.

ஒரு வருத்தம். திண்ணைப் படி ஒன்று ஏறினாலே கால் நடுங்குகிறது. ராத்திரி திடீரென்று எழுந்து "கட்டை அவிழ்த்துவிடு" என்கிறார். ஐசியூவில் கையைக் கட்டியிருந்ததாகச் சொல்கிறார். மரச்சீனி அவித்துக் கொடுத்தால் இரண்டு துண்டுக்கு மேல் இறங்கவில்லை. இது மாறுமா அக்கா?

ஐசியூ_செவிலி | வெள்ளி, இரவு 9.50

பெரும்பாலும் மாறும், ஆனால் நாள் பிடிக்கும். வென்டிலேட்டரில் கிடந்தவர்களுக்குத் தசை வேகமாகக் கரையும், ஒரு வாரத்திலேயே தொடை மெலிந்திருப்பதைக் கையால் தொட்டுப் பார்க்கலாம். தினமும் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவதைப் பத்துத் தடவை செய்யச் சொல்லு. அப்புறம் முற்றம் வரை, அப்புறம் ரோடு வரை. மரச்சீனியோடு மீனும் முட்டையும் வேண்டும், வெறும் மாவுச்சத்தில் தசை வராது. கொஞ்சம் கொஞ்சமாக ஆறு தடவை கொடு.

ராத்திரி எழுவதற்கு ஐசியூ மயக்க நினைவுகள் என்று வைத்துக்கொள். மருந்து மயக்கத்தில் நடந்ததும் நடக்காததும் கலந்து கிடக்கும். கை கட்டியிருந்தது உண்மையாகவே இருக்கலாம், ட்யூபைப் பிடுங்காமல் இருக்க அப்படிச் செய்வோம். "அப்படி எல்லாம் இல்லை" என்று மறுக்காதே. என்ன நடந்தது, எதற்காகக் கட்டினார்கள், எத்தனாம் நாள் அவிழ்த்தார்கள் என்று பகலில் உட்கார்ந்து வரிசையாகச் சொல்லு. குப்புறப் போட்டதையும் சொல்லு. ஒரு மாதத்துக்கு மேலும் தூக்கம் வரவில்லை என்றால் மனநல மருத்துவரிடம் காட்டு, தயங்காதே.

குலசேகரம்_மகள் | சனி, காலை 7.05

இன்று காலையில் எல்லாம் வரிசையாகச் சொன்னேன் அக்கா. குப்புறப் போட்ட கதையைக் கேட்டுவிட்டு ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், அந்த சிஸ்டர் எந்த ஊர் என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. திங்கட்கிழமை மறுபரிசோதனைக்குப் போகும்போது கேட்டு வருகிறேன் என்றேன். பக்கத்துத் தோட்டத்தில் வெட்டுகிற இரண்டு மாமாக்கள் பார்க்க வந்திருந்தார்கள். அப்பா சட்டையைத் தூக்கி அந்தத் தழும்பைக் காட்டிக்கொண்டிருக்கிறார்.